கெல்டிக் பருவ விழாக்களுக்கு முதல் முறை வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

அயர்லாந்தில் நான் சேர்ந்திருக்கும் ட்ரூயிட் குழு சின்னது. ட்ரூயிட்டுகள் என்றால் பழைய கெல்டிக் மக்களின் பூசாரிகள், அவர்கள் பெயரை எடுத்துக்கொண்ட இந்தக் காலத்துக் குழு எங்களுடையது. வருஷத்தில் எட்டுத் தடவை ஒரு வயலிலோ காட்டோரத்திலோ கூடுவோம். விழாவுக்கு வரலாமா, என்ன செய்வார்கள், சாமி கும்பிட வேண்டுமா என்று தமிழ் நண்பர்களும் உறவினர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

கெல்டிக் பருவ விழாக்கள் என்றால் எவை?

அடிப்படையில் நான்கு: நவம்பர் 1 சௌவின், பிப்ரவரி 1 இம்போல்க், மே 1 பெல்டேன், ஆகஸ்ட் 1 லூனசா. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, ஐல் ஆஃப் மேன் ஆகிய கேலிக் மொழி பேசிய நிலங்களின் விழாக்கள் இவை. வேல்ஸிலும் மே முதல் நாளுக்கும் நவம்பர் முதல் நாளுக்கும் சொந்தப் பெயர்களும் வழக்கங்களும் உண்டு.

நான்குமே ஆடுமாடு வைத்துப் பிழைத்தவர்களின் நாட்கள். மே மாதம் மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு மலையேற்றுவார்கள். நவம்பரில் இறக்கிக் கொண்டுவந்து, குளிர்காலத்துக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாதவற்றை அறுத்துவிடுவார்கள். பிப்ரவரியில் செம்மறி ஆடுகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும். ஆகஸ்டில் முதல் கதிர் அறுப்பு. வானத்தைப் பார்த்து வைத்த தேதிகள் இல்லை இவை, தொழுவத்தையும் புல்லையும் பார்த்து வைத்தவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

விழா முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும். கெல்டிக் மக்கள் வாழ்ந்த 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டினர் பகலை விட்டு இரவுகளைக் கொண்டுதான் நாட்களை எண்ணினார்கள் என்று ஜூலியஸ் சீசரே எழுதியிருக்கிறார். அக்டோபர் 31 இரவு முக்கியமாகிப் போனதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

எட்டு விழா என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே?

நான்கோடு சூரியனின் நான்கு நாட்களையும் சேர்த்தால் எட்டு. ஜூன், டிசம்பர் மாதங்களில் பகல் மிக நீண்டும் மிகக் குறுகியும் வரும் நாட்கள் இரண்டு. மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாட்கள் இரண்டு. இந்த எட்டையும் ஒரே வட்டமாக்கி 'வருடச் சக்கரம்' என்று அழைக்கிறார்கள்.

இந்தச் சக்கரத்துக்கு வயது எழுபது கூட ஆகவில்லை. 1950களில் இங்கிலாந்தில் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் விக்கா என்ற நவீன சூனிய வழிபாட்டை வெளியே கொண்டுவந்தார். அவருடைய குழு 1958 வாக்கில் எட்டையும் சம அந்தஸ்தோடு கொண்டாடத் தொடங்கியது. அவருடைய நண்பர் ராஸ் நிக்கல்ஸ் 1964இல் 'பார்டுகள் (கவிஞர்கள்), ஓவேட்டுகள் (குறி சொல்பவர்கள்), ட்ரூயிட்டுகள் சபை'யைத் தொடங்கியபோது அதே எட்டை ட்ரூயிட் பக்கமும் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுக்க இருக்கும் ட்ரூயிட் குழுக்களில் பல இந்தச் சபையின் வழியில் வந்தவைதான்.

செப்டம்பர் நாளுக்கு 'மேபன்' என்று ஒரு பெயர் புழங்குகிறது. அது இன்னும் புதுசு. ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர் 1974இல் ஒரு நாட்காட்டிக்காக வைத்தது. மேபன் வெல்ஷ் கதைகளில் வரும் ஓர் ஆள். அவருக்கும் செப்டம்பருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எங்கள் குழுவில் அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு பேராவது முகம் சுளிப்பார்கள்.

அப்படியென்றால் எல்லாமே சமீபத்தில் கட்டிவிட்டதுதானா?

இல்லை. நான்கு நாட்களுக்கு நல்ல சாட்சி இருக்கிறது. குஹலின் என்ற வீரன் எமரைப் பெண் கேட்டுப் போகும் இடைக்கால ஐரிஷ் கதையில், அவள் அவனுக்கு வைக்கும் நிபந்தனைக்குள்ளேயே வருடத்தின் நான்கு திருப்பங்களும் வந்துவிடுகின்றன. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை தூங்காமல் இருப்பவன்தான் வேண்டும் என்று நாட்களின் பெயர்களை அடுக்குகிறாள். ஆகஸ்டுக்கு மட்டும் அதில் வேறு பெயர். கி.பி. 908இல் இறந்த காஷல் அரசர் கோர்மக்கின் பெயரால் வழங்கும் சொற்களஞ்சியம், ட்ரூயிட்டுகள் மந்திரம் சொல்லி இரண்டு தீ மூட்ட, அவற்றுக்கு நடுவே மாடுகளை ஓட்டினார்கள் என்று பெல்டேனைப் பற்றிச் சொல்கிறது. நோய் அண்டாமல் இருப்பதற்காகவாம்.

ஆனால் இவற்றை எழுதி வைத்தவர்கள் கிறித்தவத் துறவிகள். தங்கள் காலத்துக்குப் பல நூறு ஆண்டுகள் முந்தைய ட்ரூயிட்டுகளைப் பற்றி எழுதினார்கள். ட்ரூயிட்டுகள் தங்கள் சடங்கை எழுதி வைக்கவில்லை. ஆகவே "2,000 வருஷமாக மாறாமல் வந்த மந்திரம் இது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுங்கள்.

நடுவில் ஒரு சுவாரசியமான போலி ஆசாமி வேறு இருக்கிறார். எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுக் கல்தச்சர், 'யோலோ மோர்கனுக்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, பழைய சுவடிகள் என்று சொல்லித் தானே எழுதியவற்றை உலவவிட்டார். 1792 ஜூன் 21 அன்று லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் சில கற்களை வட்டமாக வைத்து ஒரு கூட்டம் நடத்தினார். அவர் சுவடிகள் பொய் என்று பிற்பாடு நிரூபணமானது. அவர் தொடங்கிய சடங்கோ வேல்ஸின் தேசிய ஐஸ்டெத்வோட் கவிதை விழாவில் இன்றைக்கும் நடக்கிறது. வாளை உறையிலிருந்து பாதி உருவி "அமைதி உண்டா?" என்று மும்முறை கேட்பார்கள், கூட்டம் "உண்டு" என்று முழங்கும். எங்கள் வட்டத்திலும் நான்கு திசையைப் பார்த்து அதையேதான் கேட்கிறோம். பொய்யில் பிறந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

ஸ்டோன்ஹெஞ்ச், நியூகிரேஞ்ச் எல்லாம் கெல்டிக் கோயில்கள்தானே?

இரண்டும் இல்லை. நியூகிரேஞ்ச் அயர்லாந்தில் கி.மு. 3200 வாக்கில் கட்டிய கல்லறை மேடு. இங்கிலாந்தின் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் நின்றுவிட்டன. ட்ரூயிட்டுகள் என்று ஒருவர் வரலாற்றில் தலைகாட்டுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பு இது.

ஆனாலும் போகலாம், போக வேண்டும். நியூகிரேஞ்சின் வாசலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு இருக்கிறது. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில விடியல்களில் மட்டும் சூரிய ஒளி அதன் வழியே நுழைந்து, நீண்ட கல்நடையைக் கடந்து உள்ளறையின் தரையில் விழும். பதினேழு நிமிஷம், அவ்வளவுதான். 1967இல் தொல்லியலாளர் மைக்கேல் ஓகெல்லி தனியாக உள்ளே நின்று இதைப் பார்த்தார். இப்போது உள்ளே போகக் குலுக்கல். பெயர் விழுந்தாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. டிசம்பர் அயர்லாந்தில் மேகம் மூடாமல் இருந்தால்தான் அதிசயம்.

ஸ்டோன்ஹெஞ்சில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஜூன் நீள்பகல் இரவன்று கட்டணமில்லாமல் கற்களுக்கு நடுவே போக விடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம், மேளம். அமைதியாகக் கொண்டாட நினைப்பவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கலந்துகொள்ள மதம் மாற வேண்டுமா? நான் கோயிலுக்குப் போகிறவன்.

மாற வேண்டாம். திறந்த சடங்குகளுக்கு யாரும் வரலாம். எங்கள் குழுவில் பல தெய்வ வழிபாட்டினர், ஞாயிறு தோறும் திருப்பலிக்குப் போகும் கத்தோலிக்கர், கடவுளே இல்லை என்பவர் எல்லோரும் உண்டு. ட்ரூயிட் வழிபாடு என்று சட்டப்படி பதிவான அமைப்புகளும் இருக்கின்றன. இங்கிலாந்து, வேல்ஸில் 2010இல் 'ட்ரூயிட் நெட்வொர்க்' மத அறக்கட்டளையாக அங்கீகாரம் பெற்றது. ஆனால் ஒரு விழாவுக்கு வந்து நிற்பதற்கும் அதில் உறுப்பினர் ஆவதற்கும் சம்பந்தமில்லை.

பொதுவாகச் சொல்லும் ட்ரூயிட் பிரார்த்தனை ஒன்று இருக்கிறது. அதுவும் யோலோ எழுதியதுதான். "ஓ இன்னாரே, உம் காவலைத் தாரும்" என்று தொடங்கும். அந்த 'இன்னார்' இருக்கும் இடத்தில் ஒருவர் கடவுள் என்பார், ஒருவர் தேவி என்பார், ஒருவர் பேராவி என்பார், எல்லாம் ஒரே நேரத்தில். நான் அந்த இடத்தில் முருகா என்கிறேன். பக்கத்தில் நிற்பவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும்: விருப்பமில்லாத வரியைச் சொல்லாமல் நிற்கலாம். கையைக் கோக்காமல் நிற்கலாம். வட்டத்தை விட்டு நடுவில் வெளியேற வேண்டியிருந்தால் நடத்துபவரிடம் கைகாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். அதற்கு மேல் கட்டாயம் எதுவும் இல்லை.

சடங்கில் உண்மையில் என்ன நடக்கும்?

முதலில் நிறையக் காத்திருப்பு நடக்கும். யாராவது வழி தவறியிருப்பார், யாராவது தீப்பெட்டியை மறந்திருப்பார். அப்புறம் எல்லோரும் வரிசையாக வட்டத்துக்குள் நுழைவோம். நான்கு திசைக்கும் அமைதிக் கேள்வி. பிறகு நான்கு திசைக்கும் வரவேற்பு. நிக்கல்ஸ் தொடங்கிய சபையின் வழக்கப்படி கிழக்குக்கு விடியல் வானின் பருந்து, தெற்குக்கு ஓடும் கலைமான், மேற்குக்கு ஞானச் சால்மன் மீன், வடக்குக்கு நட்சத்திர வானின் கரடி. நான்கு பேர் ஆளுக்கொரு திசையைப் பேசுவார்கள். மனப்பாடம் செய்து வருபவரும் உண்டு, காற்றில் படபடக்கும் தாளைப் பிடித்துக்கொண்டு படிப்பவரும் உண்டு.

அதன் பிறகு அந்தப் பருவத்துக்கான பகுதி. ஒரு சின்ன நாடகமாக இருக்கலாம், ஒரு கதையாக இருக்கலாம், விதை ஊன்றுவதாக இருக்கலாம். 'ஆவன்' என்ற சொல்லை மூன்று முறை நீட்டி ஓதுவோம். கவிதை தரும் அருள் என்று அதற்கு வேல்ஸில் பொருள். ஓங்காரம் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தெரியாது. கடைசியில் ரொட்டியும் ஒரு கோப்பையும் கைமாறி வட்டத்தைச் சுற்றி வரும். முதல் துண்டும் முதல் சொட்டும் மண்ணுக்கு. பிறகு திசைகளுக்கு நன்றி சொல்லி வட்டத்தைக் கலைப்போம்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு சாப்பாடும் பாட்டும் கதையும் இருக்கிறதே, அதுதான் நீளம். அதையும் ஐஸ்டெத்வோட் என்றே சொல்கிறோம். பாடத் தெரியாதவர்களும் பாடுவார்கள். நீங்கள் ஒரு திருப்புகழோ கிராமியப் பாட்டோ பாடினால் தாளம் போடக் கூட்டம் தயாராக இருக்கும்.

இம்போல்க் அன்று என்ன செய்வார்கள்?

எட்டில் எனக்குப் பிடித்தது இதுதான், குளிரைப் பொருட்படுத்தாவிட்டால். பிப்ரவரி முதல் நாள் பிரிஜிட்டின் நாள். பழைய கதைகளில் கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லு வேலைக்கும் தேவி. கிறித்தவத்தில் கில்டேர் மடத்தை நிறுவிய புனிதர். இரண்டும் ஒருவரா, இருவரா என்று அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கில்டேரில் 19 கன்னியர் முறை வைத்து ஒரு தீயை அணையாமல் காத்தார்கள், இருபதாம் இரவு பிரிஜிட்டே வந்து பார்த்துக்கொள்வார் என்று 12ஆம் நூற்றாண்டில் ஜெரால்ட் ஆஃப் வேல்ஸ் எழுதியிருக்கிறார். பின்னாளில் அணைந்துபோன அந்தத் தீயை 1993இல் பிரிஜிட்டைன் கன்னியர் மறுபடி ஏற்றினார்கள். அந்த ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் 2006இலிருந்து ஒரு தூணின் மேல் அணையா விளக்கு எரிகிறது. கன்னியரும் பேகன்களும் (பழைய தெய்வங்களை வழிபடுபவர்கள்) ஒரே தீயைச் சுற்றி நிற்பதை வேறு எங்கே பார்க்க முடியும்?

2023இலிருந்து இது அயர்லாந்தில் அரசு விடுமுறையும் கூட. பிப்ரவரியின் முதல் திங்கள். முதல் தேதி வெள்ளியில் விழுந்தால் அந்த வெள்ளி. இதோடு நான்கு பழைய நாட்களுக்கும் பக்கத்தில் ஒரு விடுமுறை வந்துவிட்டது. மே, ஆகஸ்ட், அக்டோபர் விடுமுறைகள் முன்பே உண்டு.

வந்தால் கோரையில் சிலுவை பின்னச் சொல்லித் தருவார்கள். சதுப்பு வயலிலிருந்து கோரையைக் கத்தியால் அறுக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு தண்டை நேராகப் பிடியுங்கள். இன்னொன்றை இரண்டாக மடித்து முதல் தண்டின் நடுவில் மாட்டுங்கள், மடித்த முனைகள் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். மொத்தத்தையும் இடப்பக்கமாகக் கால்வட்டம் திருப்புங்கள். அடுத்த தண்டையும் மடித்து, முந்தையதைக் கவ்வுமாறு மாட்டுங்கள், மறுபடி வலப்பக்கம். திருப்பு, மடி, மாட்டு, இவ்வளவுதான். நடுவில் ஒரு சதுரம் தானாக வளர்ந்துகொண்டு வரும். கட்டைவிரல் மட்டும் நடுவை விடவே கூடாது. விட்டால் மொத்தமும் பிரிந்துவிடும், பக்கத்து மேசைப் பாட்டி சிரிப்பார். கடைசியில் நான்கு நுனியையும் நூலால் கட்டி, வீட்டு நிலைக்கு மேலே மாட்டுவார்கள். தீ விபத்து வராமல் காக்கும் என்று நம்பிக்கை.

முந்தைய இரவு ஒரு துணித் துண்டை வெளியே செடி மேல் போட்டு வைப்பதும் உண்டு. பிரிஜிட் அந்த வழி போகும்போது தொட்டுவிட்டுப் போவார், காலையில் எடுத்து வைத்துக்கொண்டால் தலைவலிக்குக் கட்டலாம். எங்கள் குழுவில் ஒரு நர்ஸ் வருஷா வருஷம் இதைச் செய்கிறார். பாரசிட்டமாலும் போட்டுக்கொள்கிறார்.

பெல்டேன்?

தீயின் விழா. அயர்லாந்தின் நடுவில் வெஸ்ட்மீத் மாவட்டத்தில் உஷ்னா என்ற குன்று இருக்கிறது. பழைய ஐந்து மாகாணங்களும் சேரும் இடம் என்பார்கள். உயரம் ஒன்றுமில்லை, 182 மீட்டர். ஆனால் மேலே நின்றால் நாடு நாலாபக்கமும் விரியும். 2009இலிருந்து மே தொடக்கத்தில் அங்கே பெரிய தீ மூட்டுகிறார்கள். 2017இல் அப்போதைய குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிகின்ஸ் வந்து ஏற்றினார். நம்மூர் சொக்கப்பனையை நாலைந்தாக அடுக்கியது போல எரியும். அது தனியார் பண்ணை நிலம். நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.

எடின்பரோவில் கால்டன் குன்றில் ஏப்ரல் 30 இரவு நடப்பது வேறு மாதிரி. 1988இல் கலைஞர்கள் சிலர் தொடங்கியது. உடம்பெல்லாம் சிவப்பு நீலச் சாயம், முரசு, மே ராணி, பச்சை மனிதன். அதைச் சடங்காகவும் பார்க்கலாம், தெருக்கூத்தாகவும் பார்க்கலாம். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வித்தியாசம் பற்றிக் கவலையே இல்லை.

சிறு குழுக்களில் இரண்டு சின்னத் தீ மூட்டி நடுவே நடப்போம். மாடுகளுக்குப் பதில் நாங்கள். விடியற்காலையில் புல் பனியில் முகம் கழுவுவார்கள். வெள்ளைப் பூ பூக்கும் ஹாதார்ன் முள்மரத்தின் சிறு கிளையில் நாடா கட்டுவார்கள். வேலியில் இருப்பதை நீங்களாக ஒடித்துக்கொண்டு வராதீர்கள். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால், வேலிச் செடிகளை வெட்ட இங்கே சட்டத்தில் தடை இருக்கிறது. தனியாக வயல் நடுவே நிற்கும் ஹாதார்னைத் தொடவே கூடாது, அது தேவதைகளுடையது. கிளேர் மாவட்டம் லாட்டூனில் 1999இல் அப்படி ஒரு மரத்துக்காக நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்ற வைத்தார்கள்.

லூனசா?

லூ என்ற தெய்வம் தன் வளர்ப்புத் தாய் டெயில்ட்யுவின் நினைவாக நடத்திய விளையாட்டு விழா என்பது கதை. காடு திருத்திக் கழனியாக்கிய களைப்பில் அவள் இறந்தாளாம். முதல் அறுவடையின் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு இழவு இருப்பதுதான் இந்த விழாவை மற்றதிலிருந்து பிரிக்கிறது.

நாட்டு வழக்கத்தில் இது மலையேறும் விழா. ஜூலை கடைசி ஞாயிறு மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் க்ரோ பேட்ரிக் மலை மேல் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள், சிலர் அந்தக் கூர்மையான சரளையில் வெறுங்காலோடு. அது கத்தோலிக்க யாத்திரைதான். அதன் அடியில் லூனசா இருப்பதாக மாய்ரா மெக்நீல் என்ற ஆய்வாளர் 1962இல் விரிவாக எழுதினார். அதே ஞாயிறு பில்பெர்ரி என்ற சிறு காட்டுப்பழம் பறிக்கவும் மலைக்குப் போவார்கள். நாங்களும் போகிறோம். விரலும் நாக்கும் ஊதா நிறமாகிவிடும், கூடையில் சேர்வது கொஞ்சம்தான்.

கெர்ரி மாவட்டம் கில்லோர்க்லினில் ஆகஸ்ட் 10 முதல் 12 வரை ஒரு காட்டுக்கிடாவுக்கு முடிசூட்டி உயரத்தில் ஏற்றி வைக்கும் சந்தை நடக்கிறது. அதையும் லூனசா கணக்கில் சேர்ப்பார்கள், ஆதாரம் குறைவு.

சௌவின் என்பது ஹாலோவீன்தானே? பேய் ஓட்டுவார்களா?

ஹாலோவீனின் வேர் அது. பூசணிக்காய் அமெரிக்காவில் சேர்ந்தது. இங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். டொனிகல் மாவட்டத்தில் செய்த அப்படியொரு டர்னிப் முகத்தின் வார்ப்பு, காசில்பார் ஊருக்கு அருகிலிருக்கும் நாட்டுப்புற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தால் பூசணி விளக்கெல்லாம் குழந்தை விளையாட்டு என்பீர்கள்.

பேய் ஓட்டுவதில்லை. இறந்தவர்களை அழைக்கிறோம். பீடத்தில் அவரவர் வீட்டுப் பெரியவர்களின் படம், அவர்களுக்குப் பிடித்த தின்பண்டம். இருட்டில் ஒவ்வொருவராக ஒரு பெயரைச் சொல்வார்கள். சிலர் ஒரு வாக்கியம் பேசுவார்கள், பலர் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். என் பாட்டிக்கு வெற்றிலை பாக்கு வைத்தேன். மறுபக்கம் ஒருவர் தன் அப்பாவுக்குக் கின்னஸ் பீர் டப்பா ஒன்றை வைத்திருந்தார். இரண்டும் பொருத்தமாகவே இருந்தன.

சாப்பாட்டுக்குப் பார்ம்பிராக் என்ற உலர்பழ ரொட்டி. உள்ளே மோதிரம் ஒன்றை வைத்துச் சுடுவார்கள், யாருக்கு வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் கல்யாணம். எழுபது வயது விதவை ஒருவருக்கு வந்தபோது வயலே அதிரச் சிரித்தோம்.

துக்கம் புதிதாக இருப்பவர்கள் வருவதற்கு முன் நடத்துபவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அழுவதில் தவறில்லை. தனியாக வண்டியோட்டித் திரும்பிப் போகிற நிலைமை மட்டும் வேண்டாம்.

என்ன உடுத்த வேண்டும்? எதைக் கொண்டுவர வேண்டும்?

மழைக்கோட்டு, நீர் புகாத பூட்ஸ், கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி. வெள்ளை அங்கி கட்டாயமில்லை. மரத்தில் வளரும் மிசல்டோ என்ற ஒட்டுண்ணிச் செடியை அறுக்கும் ட்ரூயிட் வெள்ளை உடுத்தியிருந்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு வரி எழுதிவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வெள்ளை அங்கியெல்லாம். சேற்றில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். புடவையில் வந்தால் தீயருகே முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், நைலான் வேண்டாம்.

டார்ச் மிக அவசியம். டப்ளினில் டிசம்பர் 21 அன்று மாலை நான்கே காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். மடக்கு நாற்காலி இருந்தால் கொண்டுவாருங்கள். பகிர்ந்து சாப்பிட ஏதாவது ஒன்று.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு? குடிக்க வேண்டுமா?

சைவமும் வீகனும் இந்தக் குழுக்களில் சாதாரணம். எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனால் பாத்திரம் காலியாகித்தான் திரும்பும். கோப்பையில் சில இடத்தில் மீட் என்ற தேன்மது இருக்கும், பல இடத்தில் ஆப்பிள் சாறும் சேர்ந்தே சுற்றும். வாங்கி உயர்த்திவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தாலும் போதும். மிருகப் பலி கிடையாது.

நல்ல குழு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேதியும் இடமும் செலவும் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்வார்கள். எங்களைப் போன்ற சிறு குழுக்களில் இட வாடகைக்கும் விறகுக்கும் ஒரு தொப்பி சுற்றும், அவ்வளவே. பணம் கட்டினால்தான் 'உயர் ரகசியம்' என்றால் வேண்டாம். ஆடை களையச் சொன்னால், போதைப் பொருள் நீட்டினால், வீட்டாரோடு பேசாதே என்றால் கிளம்பிவிடுங்கள். ரத்தம், இனம் என்று பேசிக் கெல்டிக் வழி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்கிற கும்பல்களும் சில உண்டு. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். "தாராளமாக, தீயருகே ஒருவர் கண் வைத்திருப்பார்" என்று பதில் வந்தால் நம்பலாம்.

புனிதக் கிணற்றில், மரத்தில் துணி கட்டலாமா?

ஸ்காட்லாந்தின் மன்லாக்கி, கார்ன்வாலின் மேட்ரன் போன்ற கிணறுகளில் மரமெல்லாம் துணி தொங்கும். நோயுள்ள இடத்தைத் துணியால் துடைத்துக் கட்டிவிட்டால், துணி மக்க மக்க நோயும் தேயும் என்பது பழைய நம்பிக்கை. பாலியஸ்டர் மக்காது. பிளாஸ்டிக் நாடா, கண்ணாடி ஜாடி மெழுகுவர்த்தி, நாணயம் எதுவும் வேண்டாம். கட்டியே ஆக வேண்டுமென்றால் சாயமில்லாத பருத்தித் துண்டு, தளர்வாக. அல்லது அங்கே கிடக்கும் குப்பையில் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு திரும்புங்கள். கிணற்றுக்கு அதைவிட நல்ல காணிக்கை எனக்குத் தெரியவில்லை.

சிட்னியிலோ சிங்கப்பூரிலோ இருந்தால்?

ஆஸ்திரேலியாவில் பலர் தேதியைத் திருப்பிவிடுகிறார்கள். அங்கே இலையுதிர்காலம் வரும் மே தொடக்கத்தில் சௌவின், நவம்பர் தொடக்கத்தில் பெல்டேன். சிங்கப்பூரில் பனியும் இல்லை, இலையுதிர்வும் இல்லை. அங்கிருந்து இம்போல்க் கொண்டாடுவது எனக்குக் கொஞ்சம் வறட்டு வேலையாகத்தான் படுகிறது. எந்த மரம் எப்போது பூக்கிறது, மழை எப்போது திரும்புகிறது என்று அந்த ஊரைப் பார்த்துச் சொந்தமாக ஒரு நாள் குறித்துக்கொள்ளலாம். இங்கே முதலில் தேதி குறித்தவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

சரி, முதல் முறை வர எது நல்லது?

லூனசா. குளிராது, இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும், மலையேறித் தின்று திரும்பலாம், சடங்கு பிடிக்காவிட்டாலும் நாள் வீணாகாது. கூட்டத்தின் ஆரவாரம் வேண்டுமென்றால் பெல்டேன். சௌவினுக்கு முதல் ஆளாக வராதீர்கள். பெயர் சொல்லி அழும் இடத்தில் முகம் தெரிந்தவர் இரண்டு பேர் பக்கத்தில் இருப்பது நல்லது. வேலை நாளில் தேதி விழுந்தால் சிறு குழுக்கள் அருகிலுள்ள சனி ஞாயிறுக்கு மாற்றிவிடும், ஆகவே 1ஆம் தேதியைப் பார்த்துவிட்டு விமானச்சீட்டு எடுக்காதீர்கள். முதலில் குழுவை அழைத்துக் கேளுங்கள். வாகனம் நிறுத்தும் இடத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கைபேசி வரைபடம் வயலின் மறுபக்கத்தில் கொண்டுபோய் விடும்.